கேக் செய்யும்போது சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் சேர்க்கலாமா? எவ்வளவு சேர்க்க வேண்டும்?

தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் தேனை ஊற்றினால், மாவில் சேர்க்கும் பால், தயிர், சோடா மாவு, அடுப்பின் சூடு எல்லாவற்றையும் கூடவே மாற்ற வேண்டியிருக்கும். அந்தக் கணக்கைக் கீழே சொல்கிறேன். "அப்பாவுக்குச் சர்க்கரை நோய், அதனால்தான் தேனுக்கு மாறலாம் என்று நினைக்கிறேன்" என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைப் பேசிவிடுவோம்.

என் அப்பாவுக்கும் சர்க்கரைதான். காப்பியில் சர்க்கரையை நிறுத்திவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் இரண்டு ஸ்பூன் தேன், இரவில் பாலில் ஒரு ஸ்பூன் தேன் என்று பல மாதங்கள் சாப்பிட்டார். "இயற்கையானதுதானே, ஒன்றும் செய்யாது" என்று நாங்களும் விட்டுவிட்டோம். மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனையில் அளவு ஏறியிருந்தபோதுதான் மருத்துவர் சாப்பாட்டை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தேனைப் பிடித்தார். தேனில் ஏறக்குறைய 80 சதவீதத்துக்கு மேல் சர்க்கரைதான். பிரக்டோஸ் 38 சதவீதம், குளுக்கோஸ் 31 சதவீதம் அளவில் இருக்கும், மீதி வேறு சில சர்க்கரைகள். தண்ணீர் 17, 18 சதவீதம். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட சர்க்கரை வழிகாட்டுதலிலும், குறைக்க வேண்டிய சர்க்கரைகளின் பட்டியலில் தேனும் பழச்சாறும் சேர்த்தேதான் இருக்கின்றன. சர்க்கரையைவிடத் தேன் ரத்தத்தில் ஏறும் வேகம் சற்றுக் குறைவு என்பது உண்மைதான். அந்தச் சின்ன வித்தியாசத்தை நம்பி உங்கள் அப்பாவுக்குத் தேன் கேக் கொடுத்துவிடாதீர்கள். அவர் ஒரு சின்னத் துண்டு சாப்பிடலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். கேட்கும்போது அதைச் சர்க்கரை போட்ட கேக் என்றே சொல்லிக் கேளுங்கள்.

சரி, நோய்க்காக இல்லாமல் சுவைக்காகத் தேன் சேர்ப்பதென்றால் நான் உங்கள் பக்கம். எங்கள் ஊர் நாகர்கோவில் பக்கம். மாமா மார்த்தாண்டத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் தேன் பெட்டி வைத்திருக்கிறார். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மார்த்தாண்டம் தேன்தான். ரப்பர் மரம் புதுத் தளிர் விடும் நாள்களில் அதன் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரைத் தேனீக்கள் எடுத்துவந்து பெட்டியை நிரப்பிவிடும். வருடா வருடம் மாமா ஒரு பாட்டில் கொடுத்துவிடுவார். நான் அதில் கேக் செய்யப்போகிறேன் என்று முதல்முறை சொன்னபோது, "என்னத்துக்கு மக்ளே இத அடுப்புல வச்சு பாழாக்குத?" என்று வருத்தப்பட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை என்று பிறகு புரிந்தது.

அந்த முதல் கேக் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கப் சர்க்கரை என்று குறிப்பில் இருந்த இடத்தில் ஒரு கப் தேன் ஊற்றினேன். மற்றதெல்லாம் அப்படியே. 180 டிகிரியில் இருபதாவது நிமிடமே மேல்பக்கம் கருஞ்சிவப்பாகிவிட்டது. வெந்துவிட்டது என்று வெளியே எடுத்தேன். ஆறியதும் நடுப்பகுதி அப்படியே உள்ளே இறங்கியது. கத்தியை விட்டால் அடியில் அல்வா மாதிரி ஈரமாக ஒரு அடுக்கு. அவ்வளவு தேனையும் குப்பையில் கொட்ட மனம் வராமல் அன்று முழுக்க அதைத் தட்டிலேயே வைத்திருந்தேன்.

எல்லாப் பிழையும் அளவில்தான் இருந்தது. ஒரு கப் சர்க்கரை 200 கிராம். அதே கப்பில் தேன் ஊற்றினால் 340 கிராம் பிடிக்கும். 750 மில்லி பாட்டிலில் தேன் வாங்கியிருந்தால் அதைத் தூக்கும்போதே தெரியும், உள்ளே ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். "ஒரு கப் சர்க்கரைக்கு முக்கால் கப் தேன்" என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் செய்தேன். ஒருநாள் தராசில் வைத்துப் பார்த்தால், முக்கால் கப் தேன் 255 கிராம்! கலோரியைப் பெருக்கிப் பார்த்தால் 200 கிராம் சர்க்கரைக்கும் அந்த 255 கிராம் தேனுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டும் 775-ஐ ஒட்டி வரும். "தேன் குறைவாகப் போட்டால் போதும், அதனால் உடம்புக்கு நல்லது" என்ற பேச்சு அத்தோடு என் சமையலறையில் முடிந்தது.

இப்போது நான் செய்வது எடைக்கு எடை. 200 கிராம் சர்க்கரை என்று இருந்தால் 200 கிராம் தேன். இனிப்பு மிதமாக இருக்கும், தேனின் வாசம் முன்னால் வரும். அந்தத் தேனில் 35 கிராம் தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே பாலிலோ தயிரிலோ இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்று மேலே குறைத்துவிடுங்கள். சமையலறைத் தராசு இல்லாவிட்டால் அரை கப்புக்கு மேல் ஒன்றரை மேசைக்கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். அளக்கும் கப்பில் முதலில் எண்ணெயை ஊற்றி எடுத்துவிட்டு, கழுவாமல் அதிலேயே தேனை ஊற்றினால் ஒரு சொட்டு ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

அடுத்தது சூடு. தேனில் இருக்கும் குளுக்கோஸும் பிரக்டோஸும் மாவின் புரதத்தோடு சேர்ந்து சாதாரணச் சர்க்கரையைவிடச் சீக்கிரம் சிவந்துவிடும். அதனால் 180 என்று இருந்தால் 160, 165-க்கு இறக்குங்கள். நேரம் பத்து நிமிடம் கூடும். அரை மணி நேரத்தில் எட்டிப் பாருங்கள். மேலே நிறம் வந்திருந்தால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிடுங்கள். ஓவன் இல்லாமல் குக்கரில் உப்புப் பரப்பிச் செய்பவர்கள் தீயைக் கடைசிவரை சிம்மிலேயே வையுங்கள். அங்கே மேல்பக்கத்துக்குப் பதில் அடிதான் முதலில் தீயும், அதனால் பாத்திரத்துக்கு அடியில் ஒரு கம்பி வளையம் கட்டாயம் வேண்டும்.

சோடா மாவு விஷயத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். தேன் நாக்குக்குத் தெரியாத அளவு புளிப்பு கொண்டது. அந்தப் புளிப்பைச் சமன் செய்யத்தான் கால் டீஸ்பூன் சோடா மாவு சேர்க்கச் சொல்வது. உங்கள் குறிப்பில் தயிரும் சோடா மாவும் ஏற்கெனவே இருந்தால் மேலும் சேர்க்காதீர்கள். கூடினால் சோப்பு மாதிரி ஒரு கசப்பு வரும், நிறமும் கறுக்கும்.

தேன் ஒத்துவராத இடங்களும் உண்டு. வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்துச் செய்யும் கேக்கில், சர்க்கரைப் பரல்கள் வெண்ணெயில் உரசி உரசித்தான் காற்றை உள்ளே ஏற்றுகின்றன. தேனுக்குப் பரல் இல்லை, எவ்வளவு அடித்தாலும் அந்த நுரை வராது. அதற்குச் சர்க்கரையில் பாதியை மட்டும் தேனாக மாற்றுங்கள். எண்ணெய் ஊற்றிச் செய்யும் கேக், வாழைப்பழ கேக், மஃபின், பன், ரொட்டி இவற்றில் முழுவதுமே தேன் போடலாம். ரொட்டி மாவில் ஈஸ்டுக்கும் அது நன்றாகவே பிடிக்கும். மொறுமொறு பிஸ்கட்டில் வேண்டாம். தேன் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மறுநாளே பிஸ்கட் நமுத்துவிடும். கேக் மூன்று நாள் மெத்தென்று இருப்பதும் இதே குணத்தால்தான். அதிரசம், மைசூர்பாகு, கடலை மிட்டாய் மாதிரி பாகுப் பதம் பார்த்துச் செய்பவற்றிலும் தேனை நுழைக்காதீர்கள். ஒருமுறை தேனில் கடலை மிட்டாய் செய்து, தட்டிலிருந்து பெயர்க்கவே முடியாமல் கரண்டியால் வழித்தோம்.

நம் பழைய பண்டங்களைப் பார்த்தால், தேன் சேர்த்தவை பெரும்பாலும் அடுப்புக்கே போகாதவை. முருகனுக்குப் படைக்கும் தினைமாவை வறுத்து இடித்து, தேனை விட்டுப் பிசைந்து உருட்டுவோம். பழனிப் பஞ்சாமிர்தத்திலும் வாழைப்பழம், வெல்லச் சர்க்கரை, நெய், ஏலக்காயோடு தேன் பச்சையாகத்தான் சேர்கிறது. மாமா அடுப்பைப் பற்றி வருத்தப்பட்டது இதனால்தான். தேனின் வாசம் சூட்டில் முதலில் போய்விடும், அதிலிருக்கும் நொதிகளும் போய்விடும்.

"தேனைச் சூடாக்கினால் விஷம்" என்று பின்னூட்டத்தில் யாராவது கட்டாயம் எழுதுவார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆயுர்வேதம் சூடான தேனை விலக்குகிறது. அதைக் கடைப்பிடிப்பவர்கள் கடைப்பிடிக்கட்டும், நான் மறுத்துப் பேசப்போவதில்லை. தேன் சூடாகும்போது எச்.எம்.எஃப். என்ற பொருள் கூடுகிறது, இது ஆய்வகத்தில் அளக்கக்கூடியது. நம் நாட்டில் விற்பனைத் தேனில் கிலோவுக்கு 80 மில்லிகிராம்வரை அனுமதி. வறுத்த காப்பித்தூளில் இதே பொருள் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. காப்பி குடிக்கும் வீட்டில் தேன் கேக்கைப் பார்த்து இந்த ஒன்றுக்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் "தேனின் மருத்துவக் குணம் கேக்கில் அப்படியே இருக்கும்" என்று விற்பவர்களையும் நம்ப வேண்டாம்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள்: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவத்திலும் கூடாது. தேனில் சில சமயம் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கும். நம் குடல் அவற்றைச் சமாளித்துவிடும். சிசுவின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைத் தளரச் செய்துவிடும், மூச்சுவிடும் தசை உட்பட. கேக் வேகும் சூட்டில் அந்த வித்துகள் சாவதில்லை, அதனால் வெந்த பண்டமும் பாதுகாப்பு இல்லை. போன வருடம் அண்ணி எட்டு மாதக் குழந்தைக்கு வீட்டிலேயே தேன் பிஸ்கட் செய்து தரச் சொன்னார். "அண்ணி, கோபித்துக்கொள்ளாதீர்கள், அவள் ஒரு வயது தாண்டட்டும்" என்று சொல்லிவிட்டு வாழைப்பழம் மசித்துச் செய்துகொடுத்தேன். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும்போது நாக்கில் தேன் தடவும் வழக்கம் உள்ள வீடுகளிலும் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

எந்தத் தேன் வாங்குவது? கேக்குக்கு விலை கூடிய மலைத்தேன் வேண்டாம். அதன் காட்டு வாசமும் லேசான கசப்பும் தோசையில், தயிரில் அருமையாக இருக்கும், கேக்கில் பாதி ஆவியாகிவிடும், மீதி முட்டையோடு சண்டை போடும். பெட்டித்தேன் போதும். 2020 டிசம்பரில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்ததில் மூன்றுதான் எல்லாச் சோதனையிலும் தேறின. அதற்குப் பிறகு நான் தெரிந்தவர்களிடம்தான் வாங்குகிறேன். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது எல்லாம் இன்றைய கலப்படத்தைக் காட்டாது. பாட்டிலின் அடியில் உறைந்தால் கலப்படம் என்று தூக்கிப் போடாதீர்கள், நல்ல தேனும் உறையும். கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும்.

கடைசியாக, நான் செய்யும் கேக். கோதுமை மாவு 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சோடா மாவு கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, சுக்குப்பொடி அரை டீஸ்பூன், இவற்றைச் சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். இரண்டு முட்டையை 120 கிராம் தேனோடு ஐந்து நிமிடம் அடித்தால் வெளுத்துப் பொங்கி வரும். அதில் 80 மில்லி எண்ணெய், 60 மில்லி தயிர், பிறகு மாவு. மாவைப் போட்டபின் அதிகம் கலக்க வேண்டாம். ஆறு அங்குலப் பாத்திரத்தில் 160 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம்.

மாமாவின் பேச்சைக் கேட்டு மீதித் தேனை அடுப்புக்குக் காட்டாமல் வைத்துக்கொள்கிறேன். பேக்கரியில் சிறுவயதில் வாங்கிச் சாப்பிட்ட தேன் கேக் நினைவிருக்கிறதா, மேலே சிவப்பு ஜாமும் தேங்காய்த் துருவலும் போட்டது? அதை ஊற வைப்பது பெரும்பாலும் சர்க்கரைப் பாகில்தான். நம் வீட்டில் அந்த இடத்தில் நிஜத் தேனே போகட்டும். இரண்டு மேசைக்கரண்டி தேனை அதே அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள். கேக் கைச்சூட்டுக்கு ஆறியதும் பல்குச்சியால் அங்கங்கே குத்தி, ஸ்பூன் ஸ்பூனாக மேலே விடுங்கள். முதலில் மேலே தேங்கி நிற்கும், இரண்டு நிமிடத்தில் காணாமல் போய்விடும். மூடி வைத்து மறுநாள் காலையில் வெட்டுங்கள், மூடியைத் திறக்கும்போதே வாசம் வரும்.