உடைந்த அப்பளத்துக்குப் பதில் எழுதியது யார்?

கேள்வி: எனக்கு வயது 24. ஊர் கல்லிடைக்குறிச்சி. வெளிநாட்டில் மேல்படிப்புக்காக கேம்பிரிட்ஜ் சி1 அட்வான்ஸ்டு என்ற இங்கிலீஷ் தேர்வுக்குப் படிக்கிறேன். ஆறு மாதமாகப் பாளையங்கோட்டைக்கு பஸ்ஸில் கோச்சிங் போய் வருகிறேன். மற்ற தாள்கள் நன்றாக வருகின்றன. ரைட்டிங்கில் மட்டும் ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் அடி வாங்குகிறேன். அறுபது மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்தும் பலனில்லை. வீட்டிலும் நிம்மதி இல்லை. அப்பாவுக்கு அப்பள வியாபாரம். சரக்கு உடைந்து வந்ததாக பெங்களூர்க் கடைக்காரர் இங்கிலீஷில் மெயில் போட்டிருக்கிறார் என்று, பதில் எழுதித் தரச் சொல்லி இரண்டு நாள் நச்சரித்தார். டைப்பிங் சென்டரில் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இன்னும் எந்தப் புத்தகம் வாங்கலாம்?

பதில்: ஒரு புத்தகமும் வாங்காதே.

‘மனம் தளராதே, முயற்சி செய்’ என்று எழுதுவேன் என்று நினைத்திருப்பாய். இதே கடிதம் பல ஊர்களிலிருந்து எனக்கு வருகிறது. எல்லோரும் புத்தகம்தான் கேட்கிறார்கள். உன் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்த டைப்பிங் சென்டர்.

நீ எழுதப்போகும் தாளை எடுத்துப் பார். ஒன்றரை மணி நேரம், எழுத வேண்டியவை இரண்டு, ஒவ்வொன்றும் 220 முதல் 260 சொல். முதலாவது எல்லோரும் எழுத வேண்டிய கட்டுரை. அடுத்ததில் மூன்று கேள்விகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: கடிதம் அல்லது மெயில், அறிக்கை, இப்படிச் செய்யலாம் என்று யோசனை சொல்லும் புரபோசல், ரிவ்யூ என்று வரும். யாருக்கு எழுதுகிறாய், எதற்கு எழுதுகிறாய் என்று கேள்வியிலேயே இருக்கும். அப்படி ஒரு கேள்வி உன் வீட்டுத் திண்ணையில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தது. நீ எழுந்து கதவைச் சாத்தினாய்.

எங்கள் ஆச்சி இருந்தால், “ஏட்டி, ஒன் அய்யா வெயில்ல நின்னு சம்பாதிச்ச காசுலதான பஸ் ஏறுத?” என்று கேட்டிருப்பாள். நான் கொஞ்சம் நாகரிகமாகக் கேட்கிறேன், அவ்வளவுதான். வீட்டில் படித்த ஒருத்தி இருக்கும்போது, ஒரு தகப்பன் தன் தொழில் கௌரவத்தைக் கூலிக்கு டைப் அடிப்பவரிடம் கொண்டுபோய் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. பெற்றவர்களுக்குச் செய்வதைத் தொந்தரவு என்று எண்ணுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பழைய ஆள் என்று சொல்லிக்கொள்.

சரி, தேர்வுக்கு வருவோம். ரைட்டிங்குக்கு நான்கு வகையில் மதிப்பெண், ஒவ்வொன்றுக்கும் 5. கேட்டதைச் சொன்னாயா, ஒழுங்காக அடுக்கினாயா, மொழி எப்படி என்பவை மூன்று. மீதி ஒன்றுக்கு கம்யூனிகேட்டிவ் அச்சீவ்மென்ட் என்று பெயர். படிப்பவர் யார் என்று தெரிந்து, அந்த வகை எழுத்துக்குப் பொருந்தும் தோரணையில் எழுதி, அவரைக் கடைசிவரை படிக்க வைத்தாயா என்பது அதன் சாரம். நீ அடி வாங்குவது இதில்தான் என்பது என் ஊகம். மனப்பாடக் கட்டுரைக்கு எதிரே ஆள் கிடையாதே. ‘இன் திஸ் மாடர்ன் இரா’ என்று தொடங்கி பெங்களூர்க்காரருக்கு மெயில் போட்டால் மனுஷன் அடுத்த ஆர்டரை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்.

அவருக்கு என்ன வேண்டும்? பணமா, மாற்றுச் சரக்கா? எத்தனை பாக்கெட் உடைந்தது? லாரியில் உடைந்ததா, வெயிலில் அதிகமாகக் காய்ந்துபோய் இங்கேயே நொறுங்கும் பதத்தில் போனதா? தப்பு நம்முடையது என்றால் எவ்வளவு ஒப்புக்கொள்வது, எந்த வார்த்தையில்? இது உன் அப்பாவுக்குத் தெரியும், இங்கிலீஷ் உனக்குத் தெரியும். டைப்பிங் சென்டரில் இருப்பவருக்கு இரண்டில் எது தெரியும்? ‘வீ ரெக்ரெட் த இன்கன்வீனியன்ஸ்’ என்று ஒரு வரி அடித்துக் கொடுத்திருப்பார்.

கட்டுரைக்கும் இதே புத்திதான். மூன்று விஷயம் கொடுத்து, இரண்டை மட்டும் எடுத்துப் பேசி, எது முக்கியம், ஏன் என்று கேட்பார்கள். மூன்றையும் தொட்டுவிட்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம். அப்பாவிடம் ‘முதலில் எதைச் சொல்ல, எதை விட’ என்று கேட்டுப் பழகினால் அதுவும் பிடிபடும்.

அந்தப் பதில் போய்விட்டதா என்று இன்று ராத்திரி கேள். போகவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து எழுது. போய்விட்டது என்றால் அந்த நகலை வாங்கிப் படி. அடுத்த மெயில் உன்னுடையது. எழுதியதைத் தமிழில் அவருக்கு வாசித்துக் காட்டு. “இப்படிச் சொன்னா அவரு கோவப்படுவாருட்டி” என்று அவர் சொல்லும் வரியை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுது.