ஆள் எடுக்க மனோதத்துவத் தேர்வு: கேள்வி பதில்

மார்த்தாண்டம், துணிக்கடை: சேல்ஸுக்கு ஆள் எடுக்க ஒரு தேர்வு விற்க வந்திருக்காங்க. வாங்கலாமா அண்ணே?

தேர்வை விடுங்க தம்பி. ஒரு இடத்துக்கு எத்தனை பேர் வர்றாங்க? இப்ப எடுக்கிறவங்கள்ல பாதியாவது வேலையில தேறுறாங்களா? இது ரெண்டும் தெரியாம விலை பேசாதீங்க. 1939-ல டெய்லர், ரஸ்ஸல்னு ரெண்டு ஆய்வாளர்கள் இதுக்குன்னே அட்டவணை போட்டு வெச்சிருக்காங்க. பாதிப் பேர் எப்படியும் தேறுவாங்க, தேர்வோட ஏற்புடைமை, அதாவது தேர்வு மார்க்கும் பிறகு செய்யுற வேலையும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு காட்டுற எண் (0-ன்னா ஒத்துப்போகவே இல்லை, 1-ன்னா முழுசா), 0.30 என்று வையுங்க. 100 பேர் வந்து 10 பேரை எடுத்தா 7 பேர் தேறுவாங்க. தேர்வு இல்லாட்டி 5. அதே 100-ல 90 பேரை எடுத்தா? 45 பேர் தேறுற இடத்துல 47. அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் சீசனுக்கு வந்தவங்களை எல்லாம் சேர்க்கிற கடைக்கு அது தண்டச் செலவு. விற்கிறவர்கிட்ட ஏற்புடைமை எண்ணைக் கேளுங்க. சொல்லலைன்னா அனுப்பிடுங்க.

நாகர்கோவில், ஆஸ்பத்திரி நிர்வாகம்: நர்ஸ் எடுக்க எம்பிடிஐ (ஆளோட குணத்தை வகை பிரிக்கிற கேள்வித்தாள்) சரிவருமா?

வேண்டாம். ஆள் எடுக்கப் பயன்படுத்தாதீங்கன்னு அதை வெளியிடுறவங்களே சொல்றாங்க.

தக்கலை, முந்திரி ஆலை: எனக்கு ஆளைப் பார்த்தாலே தெரியும். நான் எடுத்த யாரும் சோடை போகலை. தேர்வு எதுக்கு?

நீங்க வேண்டாம்னு அனுப்பினவங்க எப்படி வேலை செஞ்சாங்கன்னு பார்த்தீங்களா? அவங்களும் தேறியிருந்தா உங்க கண்ணுக்கு என்ன பெருமை?

தக்கலை மறுபடியும்: அப்போ நேர்முகமே வீணா?

அப்படிச் சொல்லலையே. எல்லார்கிட்டயும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதிலுக்கு மார்க் போட்டு நடத்துங்க. 2022-ல சாக்கெட்னு ஒரு ஆய்வாளரோட குழு பழைய ஆய்வுகளைத் திரும்பக் கணக்குப் போட்டப்போ அப்படி நடத்துற நேர்முகத்துக்கு ஏற்புடைமை 0.42, அறிவுத்திறன் தேர்வுக்கு 0.31 வந்தது. அதுக்கு முன்னால 1998-ல ஷ்மிட், ஹண்டர்ங்கிற ஆய்வாளர்கள் ரெண்டுக்குமே 0.51 போட்டிருந்தாங்க. ஊரு, குடும்பம், எந்தச் சபைன்னு விசாரிக்கிறது நேர்முகம் இல்லை.

குலசேகரம், ரப்பர் தோட்டம்: நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நாங்க கத்தியைக் கொடுத்து நாலு மரத்துல பால் வெட்டச் சொல்லுவோம்.

இதைத்தான் சொல்ல வந்தேன்! பட்டையில சீவல் ஒரே கனத்துல வருதா, சரிவு மாறாம இறங்குதா, கத்தி பட்டைக்கு உள்ளே இருக்கிற தடியைத் தொட்டுக் காயம் போடுதான்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும். காயம் பட்ட இடத்துல பட்டை முண்டு முண்டாத்தான் திரும்ப வளரும்; அந்த நஷ்டத்தை எந்தக் கேள்வித்தாளும் முன்கூட்டிச் சொல்லாது. தக்கலைக்காரர் இதைப் படிக்கணும்.

கருங்கல், பள்ளிக்கூடம்: டீச்சர் எடுக்க ஒரு தேர்வு வாங்கலாமா?

முதல் பதிலைப் படிங்க. எத்தனை இடம், எத்தனை பேர், ஏற்புடைமை எண் என்ன? அதுக்கு முன்னால ஒரு பாடம் நடத்தச் சொல்லிப் பாருங்க.

குளச்சல்: பையன் தமிழ் மீடியம். குடோன் வேலைக்கு இங்கிலீஷ்ல தேர்வு வெச்சுத் தள்ளிட்டாங்க.

அந்த மார்க்குல பாதி அவன் இங்கிலீஷுக்குப் போட்டது. சரக்கு எண்ணி அடுக்க இங்கிலீஷ் வேண்டாம்னா, அவங்க நல்ல ஆளைத்தான் தள்ளியிருக்காங்க. தமிழ்ல மறுபடியும் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கம்மா.