கிட்டில் ஒரு ஃபைலின் வரலாற்றில் நடுவில் ஏன் இடைவெளி விழுகிறது?

கிட் என்பது ஃபைல்களில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று பதிவு வைக்கும் மென்பொருள். ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட்; அவற்றின் பட்டியல் ‘கிட் லாக்’. ஃபைல் பெயரைக் கொடுத்து அதைப் பார்த்தால், கூட வேலை செய்பவர் போட்ட கமிட் வரவில்லை, அழிந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் அழிந்திருக்காது. ஃபைல் பெயரோடு கேட்டால், அந்த ஃபைல் இன்றைய நிலைக்கு எப்படி வந்தது என்பதை மட்டும்தான் கிட் சொல்லும். வழியில் ஒரு மெர்ஜ் (கிளைகளாகத் தனித்தனியே நடந்த வேலைகளை ஒன்றாகச் சேர்ப்பது) வந்து, அதன் முடிவு ஒரு கிளையில் இருந்த ஃபைலோடு அப்படியே ஒத்துப்போனால், அந்தக் கிளை வழியாகவே போய்விடும். மற்றதை எட்டிக்கூடப் பார்க்காது.

காட்பாடியில் நாங்கள் ராணிப்பேட்டை தோல் வியாபாரத்துக்கு பில்லிங் மென்பொருள் செய்கிறோம். இங்கே தோல் சதுர அடிக் கணக்கு. சில வெளிநாட்டு ஆர்டர்களுக்குச் சதுர டெசிமீட்டர். ஒரு சதுர அடிக்கு 9.3 என்று இருந்ததை எங்கள் டீமில் ஒரு பெண் 9.29 ஆக்கினார். அதே வரியில் இன்னொருவரும் கை வைத்திருந்ததால், எதை வைப்பது என்று கிட்டுக்குத் தெரியாமல் கான்ஃபிளிக்ட் வந்தது. மெர்ஜ் செய்தவர் தன் பக்கத்தையே முழுசாக வைத்துக்கொண்டார். பில்லில் மறுபடி 9.3. லாக்கிலும் அந்தப் பெண்ணின் கமிட் இல்லை. “நான் போட்டேன் அண்ணா” என்று அவர் சொல்லியும், ஸ்கிரீனைப் பார்த்தவர்கள் நம்பவில்லை. ‘ஃபுல் ஹிஸ்டரி’ ஆப்ஷனைச் சேர்த்து ஓட்டியதும் கமிட் அவர் பெயரோடு வந்து நின்றது. அதனால் சொல்கிறேன், இதை ஓட்டிப் பார்க்காமல் யாரையும் கேள்வி கேட்காதீர்கள்.

மெர்ஜ் செய்யும்போதே யாராவது கையால் எதையாவது மாற்றியிருந்தாலும் வழக்கமான லாக் அந்த வித்தியாசத்தைக் காட்டாது. கூடவே ‘எம்’ ஆப்ஷனும் ‘பி’ ஆப்ஷனும் கொடுங்கள்.

அப்புறம், பெயர் மாற்றம். வாலாஜாவில் ஒரு நிலத்துக்கு மூலப்பத்திரம் தேடினால் இன்றைக்கு ராணிப்பேட்டை மாவட்டம், 2019-க்கு முன் வேலூர், அதற்கும் முன் வட ஆற்காடு. இன்றைய பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பழைய பத்திரம் கிடைக்காது. கிட்டும் பெயர் மாற்றத்தை எங்கேயும் எழுதி வைப்பதில்லை. லாக்கோடு ‘ஃபாலோ’ ஆப்ஷன் கொடுத்தால் பழைய ஃபைலையும் புதியதையும் ஒப்பிட்டு, பாதிக்குமேல் ஒத்திருந்தால் ஒன்றுதான் என்று ஊகிக்கும். பெயரையும் மாற்றி, உள்ளேயும் பெரும்பகுதியை ஒரே கமிட்டில் திருத்தினால் அங்கேயே நூல் அறுந்துவிடும். பெயர் மாற்றத்தைத் தனிக் கமிட்டாகப் போடுங்கள்.

வரலாறு ஒரேயடியாக ஒரு தேதியில் நின்றுவிட்டால் ‘டெப்த்’ ஆப்ஷன் கொடுத்து வரலாற்றைக் குறைத்து குளோன் (நகல்) செய்திருப்பார்கள். ‘ஃபெட்ச்’ கட்டளையோடு ‘அன்ஷாலோ’ சேர்த்தால் மீதியும் வந்துவிடும்.

காணாமல்போன கமிட் கிடைத்ததும் அதை ‘செர்ரி பிக்’ செய்யுங்கள், அதாவது அந்த ஒரு மாற்றத்தை மட்டும் எடுத்து உங்கள் கிளையில் மறுபடி போடுங்கள். கான்ஃபிளிக்ட் வந்தால், அதை எழுதியவரையே பக்கத்தில் உட்காரவைத்துத் தீர்த்துவிடுங்கள்.