‘ஹோல்ட் ஸ்டில்’ என்றால் எதைப் பிடிக்க வேண்டும்?

பல் வைத்தியர் ‘ஹோல்ட் ஸ்டில்’ என்று சொன்னபோது, ‘பிடி’, ‘இன்னும்’ என்று தனித்தனியே பொருள் தெரிந்திருந்தும் ஒன்றும் விளங்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அருகில் நின்ற யாரோ சிரித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு கோபத்தோடு கேட்டிருக்க மாட்டீர்கள். ‘அசையாமல் அப்படியே இருங்கள்’ என்பதே அதன் பொருள்.

1994ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் மாமா வீட்டில் தங்கியிருந்தபோது, அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதற்காகக் காலி வீதி என்னும் பெருந்தெருவிலிருந்த ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். படம் எடுப்பவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. ஆகவே அவர் ஆங்கிலத்தில் ‘ஹோல்ட் ஸ்டில்’ என்றார். நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்தேன். அவர் மறுபடியும் சொன்னார். ‘இன்னும் பிடி’ என்கிறார் என்று எண்ணி, தோள்கள் காதைத் தொடுமளவுக்கு இறுக்கிப் பிடித்தேன். மூன்றாம் முறை அவர் எழுந்து வந்து என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். வாசலில் நின்ற மாமா அன்று சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. தோள்கள் முழுதாக இறங்காத அந்தப் படத்தோடுதான் பல வருடங்கள் சோதனைச் சாவடிகளில் நின்றேன். அங்கே அசையாமல் நிற்பதற்கு எனக்கு எவரும் ஆங்கிலம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நான் ஆங்கில ஆசிரியன் அல்லன். இலக்கணப் பெயர்களில் பிழை பிடிக்க வருபவர்கள் பொறுத்துக்கொள்ளவும். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று கொப்பியில் எழுதவைத்துப் பாடமாக்கச் சொன்ன படிப்பின் மீது எனக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு. ‘ஸ்டில்’ என்பதன் பழைய பொருளே அசைவின்மைதான். மாறாமல் இருப்பது என்ற கருத்து நீண்டு, ‘இன்னும்’ என்ற பொருள் பிற்பாடு வந்தது. சினிமாப் பத்திரிகையில் ‘ஸ்டில்’ என்று நாம் சொல்லும் படமும் இந்த அசையாத ‘ஸ்டில்’தான். தமிழிலும் இதே வித்தை நடக்கிறது: பிள்ளைக்குத் தலைமயிர் வெட்டும்போது ‘அப்படியே இரு’ என்கிறோம்; பத்து வருடங்களுக்குப் பிறகு பார்த்த வீட்டையும் ‘அப்படியே இருக்கிறது’ என்கிறோம்.

இடம் மாறினால் பொருளும் மாறும் என்பதைக் கவனியுங்கள். ‘ஹீ இஸ் ஸ்டில் ஸ்டாண்டிங்’ என்றால் அவர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்; ‘ஹீ இஸ் ஸ்டாண்டிங் ஸ்டில்’ என்றால் ஆடாமல் நிற்கிறார். ‘ஹோல்ட்’ என்பதும் இங்கே கையால் பிடிப்பதன்று, அந்த நிலையிலேயே இருப்பது. இதைப்போலத் தோன்றும் ‘ஸ்டே புட்’ வேறு: இடத்தை விட்டுப் போகக்கூடாது, ஆனால் கை கால்களை அசைக்கலாம்; பஸ் நிலையத்தில் பிள்ளைக்குச் சொல்வது அது.

அடுத்தமுறை வைத்தியரிடம் போகும்போது கதிரையின் கைப்பிடியைப் பிடிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். தலை மட்டும் ஆடக்கூடாது.