வாடகை வீட்டுச் சுவரில் பூசணம்: சரிசெய்ய வேண்டியது வீட்டுக்காரரா, குடியிருப்பவரா?

வாடகை வீட்டுச் சுவரில் பூசணம் பிடித்தால் யார் சரிசெய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள், ஊர் சொல்லவில்லை. ஜூலையில் இதைக் கேட்கிறீர்கள் என்றால் அநேகமாக எங்கள் குமரி மாவட்டம்தான். இங்கே இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையின் ஈரம் காய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும்.

நாகர்கோவில் பார்வதிபுரம் பக்கம் ஒரு மாடி வீட்டில் மூன்று வருஷம் இருந்தோம். ஒருநாள் பீரோவை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கக் கரும்புள்ளி. உள்ளே தொங்கிய என் கல்யாண பெல்ட்டில் பச்சையாகப் பூத்திருந்தது. தொட்டால் விரலில் மாவு மாதிரி ஒட்டியது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அண்ணாச்சி சுவரைப் பார்க்கவே இல்லை, நேராக அடுக்களைக்குப் போனார். "தம்பி, தெனமும் மீன்கறி வைக்கிய இல்லியா, அந்த ஆவியாக்கும்" என்றார். குமரி மாவட்டத்தில் மீன்கறி வைத்தால் சுவர் கெடும் என்றால் ஒரு வீடும் மிஞ்சாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இங்கே வீடு கேட்டுப் போனால் வாடகையைச் சொல்லும் முன்பே "சொந்த ஊர் எது, ஞாயிற்றுக்கிழமை எங்க போவிய" என்று சுற்றிவளைப்பார்கள். நேராகச் சாதியைக் கேட்டுவிட்டாலாவது ஆட்டோ காசு மிச்சம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. தெரிந்த கொத்தனார் ஒருவர் சொல்லி, அலுமினியத் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட்டேன். சுவரை ஒட்டிய பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்குள்ளே. வெளிப்பக்கம் நனைந்தால் அறைக் காற்றின் ஈரம். பீரோச் சுவரில் உள்பக்கம் நனைந்திருந்தது, மேலே மொட்டைமாடியில் விரிசல். படுக்கையறையின் இன்னொரு சுவரில் வெளிப்பக்கம்தான் வியர்த்திருந்தது. அது எங்கள் வேலை. மழைக்காலம் முழுக்க ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே கொடி கட்டித் துணி காயப்போட்டோம். ஒத்துக்கொள்கிறேன்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணைப்படி கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, பைப் மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு நம் தலையில். அக்ரிமெண்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால் கதை மாறும், எடுத்துப் பாருங்கள். அவர் பொறுப்பில் உள்ளதை அவர் செய்ய மறுத்தால் நாமே செய்து வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக்கூடாது. வக்கீல்கள் சண்டைக்கு வர வேண்டாம், நான் பாத்திரக்கடை வைத்திருப்பவன். வீட்டுக்காரர்களுக்கு எதிரியும் இல்லை, என் தங்கையே வீடு வாடகைக்கு விட்டிருக்கிறாள்.

வாயால் சொன்னவரை ஒன்றும் நடக்கவில்லை. போட்டோ எடுத்து வாட்ஸப்பில் மூன்று முறை அனுப்பிய பிறகுதான் விரிசலை அடைத்தார். காலி செய்தபோது பெயிண்ட் செலவு என்று அட்வான்ஸில் 6,000 பிடித்துக்கொண்டார். அட்டவணை விவரமெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

நீங்கள் முதலில் தாளை ஒட்டிப் பாருங்கள். அதுவரை பூசணத்தின் மேலேயே பெயிண்ட் அடிக்க விடாதீர்கள். அடுத்த மழைக்குப் பெயிண்டோடு சேர்ந்து உரிந்து வரும்.