மலையகத்தில் ஞாயிறு காலை தோசை, வடை சாப்பிடக் கடைக்குப் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

கொழும்பிலிருந்து ஹட்டன், நுவரெலியா பக்கம் குடும்பத்தோடு வருகிறோம், ஞாயிறு காலையில் டவுனில் ஒரு சைவக் கடையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், எத்தனை மணிக்குப் போவது, என்ன கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைப் பெயர் சொல்லிப் பிரயோசனமில்லை. மாவரைக்கிற ஆள் மாறினால் கடையே மாறிவிடும். எந்தக் கடைக்குப் போனாலும், மேலே வந்துவிட்டால் மாவிலிருந்து எண்ணெய் வரை குளிர் சொன்னபடிதான் கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் போய் உட்காருங்கள். கடை திறந்த கையோடு போனால் கல் சீராகச் சூடேறியிருக்காது. நடுவில் கருகி ஓரத்தில் வேகாத தோசைதான் வரும். ஒன்பதுக்கு மேல் தோட்டத்து ஆட்கள் சந்தைக்கு இறங்கிவிடுவார்கள். 10ஆம் திகதி சம்பளத்தை அடுத்து வரும் ஞாயிறு என்றால் இடம் கிடைப்பதே பெரிது. டிசம்பர் பௌர்ணமி முதல் மே பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். அந்த மாதங்களில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் விடியுமுன்பே கூட்டம் சாப்பிட்டுப் போயிருக்கும், மாவும் சீக்கிரம் அடிமட்டத்துக்கு வந்துவிடும்.

மா விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொழும்பு வெக்கையில் இரவு அரைத்து வைத்தால் எட்டு மணித்தியாலத்தில் பொங்கி நிற்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம்; இரவில் 10, 12 பாகைக்கு இறங்குவது சாதாரணம். அதே மா அங்கே பொங்க 14 முதல் 18 மணித்தியாலம் வரை பிடிக்கும். அதனால் ஒழுங்கான கடையில் சனிக்கிழமை பகலிலேயே அரைத்து, பாத்திரத்தைச் சாக்கால் சுற்றி அடுப்பங்கரையில் வைத்துவிடுவார்கள். சாயங்காலம் அரைத்துவிட்டு விடியக் காலையில் அப்பச்சோடாவை அள்ளிப் போடுகிற கடையும் உண்டு. அந்தத் தோசை மஞ்சளடித்து, சட்டென்று சிவந்துவிடும். புளிப்பே இருக்காது, சாப்பிட்டு முடித்த பிறகு நாக்கில் சவர்க்கார வாடை தங்கும்.

கல் கண்ணுக்குத் தெரிகிற கடை என்றால் சோதிப்பது சுலபம். மாவை ஊற்றித் தேய்த்து அரை நிமிடத்துக்குள் மேலே சின்னச் சின்ன ஓட்டைகள் நெருக்கமாக விழ வேண்டும். மொழுமொழுவென்று வெள்ளையாகவே கிடந்தால் மா பொங்கவில்லை, அல்லது மா முடியப் போகிறதென்று தண்ணீரும் கோதுமை மாவும் கலந்திருக்கிறார்கள். கொஞ்சம் கோதுமை மா சேர்ப்பது நம் நாட்டில் வழக்கம்தான், அதைக் குற்றம் சொல்ல முடியாது. அளவு மிஞ்சினால்தான் தோசை ஆறியதும் இழுத்தால் இழுபடும், பிய்க்க வராது. அப்படி இருந்தால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு இடியப்பத்துக்கு மாறுங்கள்.

இட்டலியை நான் மேலே அவ்வளவாகச் சிபாரிசு செய்யமாட்டேன். ஏறத்தாழ 300 மீற்றர் உயரத்துக்கு ஒரு பாகை வீதம் தண்ணீரின் கொதிநிலை குறையும்; நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆவியும் அவ்வளவு சூடுதான். பத்து நிமிடத்தில் வேகிறது இங்கே சில நிமிடம் கூடக் கேட்கும், கூட்ட நேரத்தில் அதற்குப் பொறுமை இருக்காது. பிட்டுப் பார்த்தால் நடுவில் பிசுபிசுக்கும். பதுளை 700 மீற்றருக்குள்தான், குளிரும் குறைவு. அங்கே தாராளமாகக் கேட்கலாம்.

வடையைத் தட்டில் அடுக்கி மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். எடுத்ததற்கு மட்டும் காசு, மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். அந்தத் தட்டைத் தொடாமல், "தம்பி, இப்போ போட்டது இருந்தா கொண்டு வாங்க" என்று கேளுங்கள். சுத்தம் ஒரு காரணம், எண்ணெய் இன்னொரு காரணம். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். நுவரெலியாவில் காலையில் போத்தலைக் கவிழ்த்தாலும் எண்ணெய் வராது, வெயிலில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த எண்ணெயில் பொரித்து ஆறிய உளுந்து வடையை விரலால் தடவினால் மேலே மெழுகு மாதிரி வெண்மையாக ஒட்டும், கடித்தால் மேலண்ணத்திலும் படியும். சுடச்சுட வந்த வடையில் இந்தத் தொல்லை இல்லை. சொதியும் இப்படித்தான், ஆறினால் மேலே கொழுப்பு ஆடை கட்டும். சூடாக்கிக் கேட்கலாம், ஆனால் தேசிக்காய் விட்ட சொதியைத் திரும்பக் கொதிக்க விட்டால் திரிந்து போகும், மெதுவாகத்தான் சூடாக்க வேண்டும்.

ஓர்டர் கொடுக்கும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். எவர்சில்வர் தட்டு பச்சைத் தண்ணீராய்ச் சில்லிட்டிருக்கும். அதில் வைத்த தோசை இரண்டு மூன்று நிமிடத்தில் விறைத்துவிடும். ஆளுக்கு ஒன்று வரட்டும், அதைச் சாப்பிட்டு முடிக்கையில் அடுத்தது. பெரியவர்களுக்கு இரண்டு தோசை, ஒரு வடை போதும். இடியப்பம் என்றால் எட்டுப் பத்து வேண்டும். பல கடைகளில் இடியப்பம் வெளியிலிருந்து அதிகாலையில் வந்து இறங்குவதால் எட்டு மணிக்குப் பிறகு கேட்பதென்றால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். சிவப்பரிசி மா இடியப்பம் குளிரில் சீக்கிரம் காய்ந்து உதிரும்.

சாம்பாரில் கரட், உருளைக்கிழங்கு தாராளமாகக் கிடக்கும், மரக்கறிக்கு நுவரெலியாவில் பஞ்சமில்லை. பல கடைகளில் மைசூர்ப் பருப்புத்தான், சீக்கிரம் வெந்துவிடுவதால். துவரம் பருப்பின் கெட்டியை எதிர்பார்க்க வேண்டாம். சம்பல் சிவப்பாக இருந்தால் மட்டும் மாசிக் கருவாடு சேர்த்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சைவக் கடையில் சேர்ப்பதில்லை, மற்றக் கடைகளில் சேர்ப்பதுண்டு.

தேநீரைக் கடைசியில் கேளுங்கள், முதலிலேயே கேட்டால் தோசை வருமுன் ஆறிவிடும். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிற டவுன் கடையிலும் அநேகமாக டஸ்ட் என்கிற தூள் தேயிலைதான் போடுவார்கள். சீக்கிரம் சாயம் இறங்கும், கடைக்கு அதுதான் தோது. ஆனால் ஒரே துணி வடியில் கிடந்து கொதித்த சாயம் கசக்கும். "புதுசா தேயிலை போட்டு, சீனி குறைச்சு இஞ்சி பிளேன்டீ" என்று சொன்னால் போட்டுத் தருவார்கள், இரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும். பால் டீ அநேகமாகப் பால்மாதான்.

வழிக்குப் பார்சல் கட்டுவதாக இருந்தால் தோசை வேண்டாம், தன் ஆவியிலேயே ஊறிக் கூழாகும். வடையைக் கடதாசியில் கட்டச் சொல்லுங்கள், சம்பல் தனியாக.