கேள்வி - பதில்: கோல்ஃப் அங்கத்துவத்துக்கு ஏன் இடத்துக்கு ஒரு விலை?

கேள்வி: அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறேன். கோல்ஃப் கிளப் ஒன்றில் சேர விருப்பம். நகரத்துக் கிளப்பில் சேர்வது மட்டும் ஏன் இவ்வளவு கடினம்? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: கைவிரலில் எண்ணிப் பாருங்கள். நால்வர் கொண்ட குழுவைப் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக விடுவார்கள். 18 குழியையும் முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கொழும்பு வெயிலில் எல்லோரும் கேட்பது காலை ஆறு முதல் எட்டு வரையான நேரத்தைத்தான். அதற்குள் 12 குழு, 48 பேர். பத்தாம் குழியிலிருந்தும் தொடங்க விட்டால் 96. சனிக்கிழமைக் காலையில் இவ்வளவுதான் இடம். காத்திருப்போர் பட்டியல் நீள்வது இதனால்தான்.

நகரத்தில் மைதானத்தைப் பெருப்பிக்கவும் வழியில்லை. 1879இல் தொடங்கிய ரோயல் கொழும்பு கோல்ஃப் கிளப் காலிமுகத்திடலில் ஆடிவிட்டுப் பொரளைப் பக்கம் வந்தது. இன்று சுற்றிலும் வீடுகள். மைதானத்துக்குள்ளேயே களனிவெளி ரயில் ஓடுகிறது. 1889இல் தோன்றிய நுவரெலியாக் கிளப்பின் நிலை வேறு. ஏப்ரல் சீசனில் ஊரே நிரம்பும், மற்ற மாதங்களில் கூட்டம் குறையும். அப்படிப்பட்ட இடத்தில் வந்து போகிறவர் கட்டும் நாள் கட்டணம் கிளப்புக்கு முக்கியம். ஸ்கொட்லாந்தின் சென்ட் அன்ட்ரூஸில் பழைய மைதானம் எந்தக் கிளப்புக்கும் சொந்தமில்லை, பொது நிலம். வெளியூரவரும் குலுக்கலில் பெயர் கொடுத்து ஆடலாம்.

நீங்கள் ஓய்வு பெறுபவர், வார நாட்களில் ஆட முடியும். ஆகவே வார நாள் அங்கத்துவம் உண்டா என்று முதலில் கேளுங்கள். பிறகு நுழைவுக் கட்டணத்தைப் பத்து வருடத்துக்குப் பிரித்து, அதோடு 12 மாதச் சந்தாவைக் கூட்டி, வருடத்தில் ஆடப்போகும் தடவைகளால் வகுங்கள். வருவது நாள் கட்டணத்தை விடக் கூடினால் சேர வேண்டாம். பலர் தவறுவது கடைசி எண்ணில்: வாரம் இரண்டு என்று நினைப்பார்கள், மழை மாதங்களில் ஒன்றுகூட ஆட மாட்டார்கள். முன்மொழியவும் வழிமொழியவும் இரண்டு அங்கத்தவர்கள் தேவைப்படலாம். அதை இப்போதே பேசி வையுங்கள்.

கேள்வி: மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். அங்கே அங்கத்துவம் வாங்கி வைத்தால் விலை ஏறுமா? (கொட்டாஞ்சேனை வாசகி)

பதில்: அதை முதலீடாக எண்ணாதீர்கள். அங்கே பல கிளப்புகள் அரசின் குத்தகை நிலத்தில் இருக்கின்றன. அங்கத்துவத்தைக் கைமாற்றலாம் என்றாலும், குத்தகை முடியும் வருடம் நெருங்க நெருங்க விலை இறங்கக்கூடும். ஜூரோங் கன்ட்ரி கிளப்பின் நிலத்தை அதிவேக ரயிலுக்காக அரசு எடுத்தது, 2016 முடிவில் கிளப் மூடப்பட்டது. குத்தகை எந்த வருடம் முடிகிறது, பெயர் மாற்றக் கட்டணம் எவ்வளவு என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிய பிறகே மகன் பணம் கட்டட்டும்.